போறணையும் பொரிசட்டியும்: கனடாத் தமிழ் வீடுகளில் வெதுப்பிப் பண்டங்கள்

1983 யூலைக் கலவரத்துக்குப் பின்னர் கனடாவுக்கு வந்துசேர்ந்த இலங்கைத் தமிழ்க் குடும்பங்களிற் பல ரொறன்ரோவிலும் அதன் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவிலும் அடுக்குமாடிகளில் வாடகைக்குக் குடியமர்ந்தபோது, அவ்வீடுகளின் குசினியில் குளிர்சாதனப் பெட்டியோடு ஒரு மின்னடுப்பும், அதன் கீழ்ப்பாதியில் வெதுப்பி எனப்படும் மூடிய சூட்டறையும் வீட்டு உரிமையாளரின் உடைமையாக முன்னரே பொருத்தப்பட்டிருந்தன. அடுப்பின் மேற்பாதி குடிவந்த அன்றே வேலைக்கு வந்தது. கீழ்ப்பாதியோ பல வீடுகளில் நெடுநாள் சட்டி, தாச்சி, பிட்டுக் குழல் ஆகியவற்றை அடுக்கிவைக்கும் அலுமாரியாகவே கிடந்தது. யாழ்ப்பாணத்தில் பாணும் பணிசும் ஊர் வெதுப்பகத்தின் போறணையில், அதாவது விறகெரித்துச் சூடேற்றிய செங்கல் அடுப்பறையில், வெந்து வீட்டுக்கு வந்தவை என்பதாலும், கேக் என்பது நத்தாருக்கும் கலியாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் மட்டும் உரியதாக இருந்ததாலும், வெதுப்புதல் அன்றாட வீட்டு வேலையாக அறியப்பட்டிருக்கவில்லை. தேநீருக்குக் கடிக்க ஏதேனும் வேண்டுமெனில் கை தேடியது எண்ணெய்ச் சட்டியைத்தான்.

அந்த எண்ணெய்ச் சட்டிக்குப் புதிய நாட்டில் இடைஞ்சல் வந்தது. குளிர்காலம் முழுதும் யன்னல் திறக்க இயலாத அடுக்குமாடியில் முறுக்குச் சுட்டால், கூரையிலுள்ள புகையுணர்வி முதல் ஈட்டிலேயே அலறத் தொடங்கும். எண்ணெய் வாடை மேலங்கிகளில் ஏறி மறுநாட் காலைப் பேருந்திலும் கூடவே வரும். பின்னாளில் தனிவீடு வாங்கியவர்கள் பொரிக்கும் அடுப்பைக் கராஜுக்கு நகர்த்தினார்கள் என்பது ஸ்காபரோவை அறிந்தவர்களுக்குப் புதிய செய்தியன்று. மாறாக வெதுப்பியின் சூடும் வாசனையும் சனவரி மாதத்தில் எவரும் வேண்டாமென்று சொல்லாதவை. ஆயினும் அதன் கதவைத் திறக்கவைத்தவர்கள் பள்ளிக்குப் போன பிள்ளைகளே. பள்ளியின் செலவுக்குப் பணம் சேர்க்கும் பொருட்டுப் பெற்றோர் வீட்டில் வெதுப்பிய பண்டங்களைக் கொண்டுவந்து விற்கும் ‘பேக் சேல்’ என்ற வழக்கம், முறுக்கு அறியாத வகுப்புத் தோழருக்குத் தர ஒரு தட்டுக் குக்கியைத் தாயிடம் கேட்கவைத்தது. பிறகு அதற்கும் விதிகள் வந்தன. கடுமையான ஒவ்வாமை உள்ள மாணவரைக் காக்கும் கொள்கை ஒவ்வொரு கல்விச் சபைக்கும் இருக்கவேண்டும் என்று விதித்த சப்ரீனா சட்டம் ஒன்ராறியோ மாகாணத்தில் 2006 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. கச்சானையும் கஜுவையும் பள்ளிக்குள் கொண்டுவரலாகாது என்ற கட்டுப்பாடும் பல பள்ளிகளில் வழக்கமாகிவிட்டதால், அவை கலவாத பண்டங்களே பிள்ளைகளின் கையில் போகக்கூடியவையாக நின்றன.

குக்கி என்பது மா, சீனி, வெண்ணெய், முட்டை, சிறிது அப்பச்சோடா ஆகியவற்றைக் குழைத்துச் சிறு உருண்டைகளாகத் தட்டில் வைத்து வேகவிடும் பண்டம். சொக்லேட் துண்டுகள் சேர்ந்த அதன் இன்றைய வடிவம் 1930களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து விட்மன் என்னும் ஊரில் ‘டோல் ஹவுஸ்’ விடுதியை நடத்திய ரூத் வேக்ஃபீல்டின் சமையலறையிலிருந்து பரவியது. செய்முறை எளிதாகத் தோன்றினாலும், வெப்பநாட்டுக் கைப்பழக்கம் இடறும் இடங்கள் அதில் உண்டு. வெண்ணெய் ‘அறை வெப்பநிலையில்’ இருக்கவேண்டும் என்று செய்முறைகள் கூறுகையில் அவை கருதுவது ஏறத்தாழ 20 பாகை செல்சியசை. யாழ்ப்பாணத்து அறையோ சாதாரணமாகவே 30 பாகையைத் தொட்டுவிடும், அங்கே வெண்ணெய் உருகும் நிலையை நெருங்கியிருக்கும். விரல் அழுத்தினாற் பள்ளம் விழுந்து, ஆனால் பளபளக்காமல் இருக்கும் வெண்ணெயோடு சீனியைச் சேர்த்து அடிக்கும்போது, சீனிப் பரல்களின் கூர்முனைகள் கொழுப்பினுள் எண்ணற்ற நுண்ணிய காற்றறைகளைக் குடைகின்றன. கலவை மஞ்சள் வெளுத்துப் பொங்கிவருவது அதனாலேயே. வெதுப்பியின் சூட்டில் அப்பச்சோடா விடுவிக்கும் வாயுவும் வெண்ணெயிலுள்ள நீரின் ஆவியும் புதிய குமிழி எதையும் உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே உள்ள இந்தக் காற்றறைகளையே ஊதிப் பெருப்பிக்கின்றன. நெய்யை உருக்கி மாவில் ஊற்றிப் பழகிய கை வெண்ணெயையும் அவ்வாறே உருக்கிவிட்டால், காற்றைப் பிடித்துவைக்க இடமின்றி, பன்னிரண்டு உருண்டைகளும் தட்டில் வழிந்து ஒரே அடையாக ஒட்டிக்கொள்கின்றன. வெண்ணெய்க்குப் பதிலாக நெய்யையே இட்டால் நீர் இல்லாமையால் பண்டம் மணல்போல் உதிரும். அது குற்றமன்று, வட இந்திய நான்கட்டாய் அப்படித்தான் இருக்கவேண்டும், ஆனால் அது குக்கியாகாது. இடியப்பத்துக்கென்று வீட்டில் எப்போதும் இருக்கும் அவித்த கோதுமை மாவும் இதற்கு உதவாது. ஆவியில் வெந்து புரதம் இறுகிவிட்ட மா பிடிமானத்தைத் தருவதில்லை.

எடுக்கும் நேரமும் ஒரு நுட்பமே. விளிம்பு பொன்னிறமாகி நடுப்பகுதி இன்னும் வேகாததுபோல் மெத்தென்று இருக்கும் வேளையில், அதாவது பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில், தட்டை வெளியே எடுத்துவிட வேண்டும். மீதி வேக்காட்டைத் தட்டின் சூடு முடித்துக்கொள்ளும். பொரிந்து சலசலப்பு அடங்கும் வரை காத்திருக்கப் பழகியவர்களுக்கு இந்த அரைவேக்காட்டில் நம்பிக்கை பிறக்க நாளாகிறது. அளவுகளில் வேறொரு விசித்திரம்: 1970களிலேயே மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கிய கனடாவில் வெதுப்பிகளும் சமையற் குறிப்புகளும் இன்னமும் பாரன்ஹீட்டிலேயே பேசுகின்றன, 350 பாகை என்பது ஏறத்தாழ 177 செல்சியஸ். கோப்பையால் அளப்பது மட்டும் எவருக்கும் அந்நியமாக இல்லை. பாற்பேணியைச் சுண்டு என்று அழைத்து அரிசியையும் மாவையும் அளந்த சமூகத்துக்கு 250 மில்லிலீற்றர்க் கோப்பை இன்னொரு பேணியே.

எனினும் குக்கியைவிடத் தமிழ் வீடுகளுக்கு இணக்கமானது, பழச்சதுரம் எனத்தக்க தட்டுப் பண்டமாகும். தனித்தனியாக உருட்டாமல் ஒரே தட்டில் அடுக்காகப் பரப்பி வேகவைத்து, ஆறிய பின் துண்டுகளாக வெட்டுவது இது. கனடாவில் இதன் தலையாய வடிவம் பேரீச்சம்பழச் சதுரம். மேற்குப் புல்வெளி மாகாணங்களில் ‘கலியாணக் கேக்’ என்று பொருள்படும் பெயரும் அதற்குண்டு. ஒன்றரைக் கோப்பை ஓட்ஸ், ஒன்றரைக் கோப்பை மா, ஒரு கோப்பை பழுப்புச் சீனி, அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா ஆகியவற்றில் முக்காற் கோப்பை வெண்ணெயை விரல் நுனியால் உதிரியாகப் பிசிறி, பாதியை ஒன்பது அங்குலச் சதுரத் தட்டில் அழுத்திப் பரப்பி, சிறிது தண்ணீரும் தேசிக்காய்ப் புளியும் விட்டுக் களியாகக் கிண்டிய 500 கிராம் பேரீச்சம்பழத்தை அதன்மேல் பூசி, மீதி உதிரியைத் தூவி 350 பாகையில் அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக விட்டால் வேலை முடிந்தது. பிட்டுக்கு மா குழைத்த விரல்களுக்கு இந்தப் பிசிறல் சொல்லிக்கொடுக்க வேண்டியதன்று. ஓட்ஸ் அந்தப் புல்வெளிகளில் விளைவது. பேரீச்சையோ கனடாவில் காய்க்காத மரத்தின் பழம், உலர்ந்து கெடாது நெடுந்தூரம் வரக்கூடியதாதலால் குளிர்காலப் பழமின்மைக்கு ஈடுகட்டியது. ஆகவே குடியேறிகளின் பண்டமான இது இன்னொரு குடியேறிச் சமூகத்துக்குக் கைமாறியது இயல்பே. இதில் முட்டை கிடையாது என்பதுதான் பெரிய வசதி. வெள்ளிக்கிழமையில் மச்சம் தொடாத சைவ வீடுகளில் முட்டையும் மச்சக் கணக்கில் சேர்வதால், குக்கி போகமுடியாத நாட்களிலும் இடங்களிலும் பேரீச்சம்பழச் சதுரம் தடையின்றிப் போயிற்று. பழுப்புச் சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைச் சீவிப் போடுவோரும் உளர். கருமையும் புகைமணமும் சற்றுத் தூக்கலாக வரும், சுவையில் இழப்பேதும் இல்லை.

பேரீச்சையின் இடத்தில் பிற பழங்களும் வரும். இலையுதிர் காலத்து அப்பிள்களில் 1811இல் ஜோன் மக்கின்ரோஷ் ஒன்ராறியோவில் கண்டெடுத்த வகை வெந்ததும் கரைந்து குழம்பாகிவிடுவதால் நடு அடுக்குக்கு ஏற்றது. இளவேனிலில் முதலில் முளைக்கும் ரூபார்ப் என்னும் செடியின் சிவந்த தண்டு, தாவர வகையில் பழமே அன்றெனினும், மாங்காயை ஒத்த புளிப்பால் தமிழ் நாக்குக்கு எளிதில் பிடித்துப்போகிறது. அதன் இலை நஞ்சாதலால் வெட்டி எறியப்பட வேண்டும். பேணி மாம்பழக் கூழில் செய்வது பார்வைக்கு அழகுதான், ஆனால் நீர் கூடி அடி அடுக்கு நொய்ந்துபோவதே வழமை.

இவையெல்லாம் பலகாரத்தைத் துரத்திவிட்டன என்ற குறை மூத்தோரிடையே அவ்வப்போது எழுகிறது. அது முழுதும் சரியன்று. பலகாரச் சூடு என்பது கலியாணத்துக்குச் சில நாள் முன்பு நல்லநேரம் பார்த்து அயலும் உறவும் கூடி, ஒருவர் மா குழைக்க ஒருவர் பயத்தம் பணியாரம் தோய்க்க இன்னொருவர் சட்டியருகே இருக்க, பகல் முழுதும் நடக்கும் சடங்கு. வேலைநேரம் ஒருவருக்கொருவர் ஒத்துவராத நகரத்தில் அத்தனை பெண்களை ஒரே பகலில் கூட்டுவதுதான் அரிதாகிவிட்டதேயன்றி, வெதுப்பி அந்த இடத்துக்கு ஒருபோதும் போட்டியிடவில்லை. இரவுநேர வேலை முடிந்து வந்தவர் தனியாகவே செய்துமுடிக்கக்கூடியது வெதுப்பிப் பண்டம். அதன் விளைவு சற்றுத் தலைகீழானது: முறுக்கும் அரியதரமும் பயத்தம் பணியாரமும் இன்று ஸ்காபரோவின் கடைகளில் எண்ணிக்கை சொல்லி எடுப்பிக்கப்படுகின்றன, வீட்டில் கையால் செய்தது என்று சொல்லி விருந்தினர்முன் வைக்கப்படுவது பேரீச்சம்பழச் சதுரமாகவே பெரும்பாலும் இருக்கிறது.