சந்தக்ஃபூ மலையில் ஒரு குவளைக் காலை உணவு

வங்காளத்தில் குடியேறிய நம்மவர்க்கு மலை என்றதும் டார்ஜிலிங்கே நினைவுக்கு வரும். அதற்கு மேற்கே, நேபாள எல்லையை ஒட்டிச் செல்லும் சிங்கலீலா மலைத்தொடரில் 3,636 மீட்டர் உயரத்தில் நிற்பது சந்தக்ஃபூ. மேற்கு வங்க மாநிலத்தின் மிக உயர்ந்த இடம் அதுவே. உலகின் மிக உயர்ந்த ஐந்து சிகரங்களுள் எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு ஆகிய நான்கையும், வானம் தெளிந்த காலையில் அங்கிருந்தே காணலாம்.

2023 நவம்பரில் நானும், என் மைத்துனனும், பன்னிரண்டு வயது நிரம்பிய என் மகனும் கரக்பூரிலிருந்து புறப்பட்டோம். சியால்தாவில் இரவு வண்டி ஏறி, நியூ ஜல்பாய்குரியில் இறங்கி, ஜீப்பில் மானேபஞ்சன் சேர்ந்தோம். அங்கே வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு நடக்கலானோம். போக வர ஐந்து நாட்கள். வழியிலுள்ள விடுதிகளில் இரவு உணவு கிடைக்கும். விடியுமுன் புறப்படுவோர்க்கு அடுப்பு மூட்டிப் பலகாரம் செய்து தருவார் அரிது. நம் முன்னோர் யாத்திரைக்குக் கட்டுச்சோறும் பொரிவிளங்காய் உருண்டையும் கொண்டு சென்றனர். நாங்கள் மாவுப் பொட்டலங்கள் கொண்டு சென்றோம்.

பீகார் அன்பர்கள் கரைத்துக் குடிக்கும் சத்தூ என்னும் வறுத்த கடலை மாவே அதற்கு அடிப்படை. ஒருவர்க்கு ஒரு வேளைக்குச் சத்தூ 30 கிராம், பால் பொடி 25 கிராம், உலர்ந்த பேரீச்சம்பழப் பொடி 25 கிராம், நாட்டுச் சர்க்கரை 10 கிராம். உடன் ஒரு சிட்டிகை உப்பும் சுக்கும் ஏலமும். மூவர்க்கு ஐந்து நாளைக்குப் பதினைந்து பொட்டலங்கள். மொத்தச் சுமை 1,350 கிராம் மட்டுமே.

வயிற்றுக்கு நலம் செய்யும் தயிர் நுண்ணுயிர்களை உலர்த்திய தூள், மருந்துக் கடையில் சிறு உறைகளில் கிடைக்கிறது. அதனை மாவோடு முன்கூட்டிக் கலத்தல் ஆகாது. மாவிலுள்ள ஈரம் பட்டால் அவை நாளடைவில் மடிந்துவிடும். உண்ணும் வேளையில்தான் உறையைப் பிரிக்க வேண்டும்.

நீரைக் காய்ச்சுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. சந்தக்ஃபூவில் நீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகையால் அவ்வளவு உயரத்தில் ஊற்று நீரை மூன்று நிமிடமேனும் நன்கு கொதிக்கவிட வேண்டும். பின்பு விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, மாவைக் கட்டியின்றிக் கரைத்து, இறுதியில் தூளைச் சேர்க்க வேண்டும். கொதிக்கும் பாலில் உறை ஊற்றினால் தயிர் தோயாது என்பதை நம் இல்லத்தரசிகள் அறிவார்கள். இதுவும் அவ்வாறே.

மூன்றாம் நாள் காலை, கரிய குளம் என்று பொருள்படும் காளிபொக்ரியில் இருந்தோம். மகனுக்கு முகம் வாடியிருந்தது. உணவைக் கண்டாலே குமட்டல் என்றான். “அத்தான், நான் பையனை அழைத்துக்கொண்டு இறங்கிவிடட்டுமா?” என்று மைத்துனன் கேட்டான். தலைவலியோ வாந்தியோ கண்டால் அக்கணமே இறங்குவது என்று வழிகாட்டியோடு முடிவு செய்தோம். பின்பு ஒரு குவளை மாவுக் கரைசலை மிடறு மிடறாகக் கொடுத்தோம். முக்கால் மணி நேரம் கழிந்தது. “அப்பா, இன்னும் கொஞ்சம் இருக்கிறதா?” என்று அவனே கேட்டான். அதன் பிறகே மேலே ஏறினோம். மறுநாள் விடியலில் கஞ்சன்ஜங்கா பொன்னிறம் கொண்டதை மூவரும் ஒருங்கே நின்று கண்டோம்.

இது மருந்தன்று. மலை நோய்க்கு இறங்குவதே மருந்து. வயிற்று நோய்க்குத் தூய நீரே காவல். பசியோடு மலையேறாதிருக்க எளியோர்க்கு ஏற்ற உணவு இது, அவ்வளவே. பயணம் செல்ல விழையும் அன்பர்கள் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் கரைத்துக் குடித்துப் பார்ப்பார்களாக. பிள்ளைகளின் நாவுக்கும் வயிற்றுக்கும் ஒத்துக்கொள்ளுமா என்பதை மலையில் அல்ல, இல்லத்திலேயே தெரிந்துகொள்வது நலம்.