உம்மும்மாவின் ஐந்தாம் வகுப்பு

என் உம்மும்மா ஐந்தாம் வகுப்போடு பாடசாலையை விட்டவர். தெஹியோவிட்டவில் அன்று பெண் பிள்ளைகளுக்கு அதுவே பெரிய படிப்பு என்பார்கள். இன்றும் எங்கள் கடையில் றப்பர் தோட்டத்தாரின் கடன் கொப்பியை அவர் மனத்தாலேயே கூட்டுவார். வாப்பாவின் கல்குலேட்டர் பிந்தித்தான் வரும். காலத்தில் பின்னோக்கிப் போக முடிந்தால், அவரைத் திரும்ப வகுப்பில் இருத்திவிட்டு வருவேன் என்று நினைப்பதுண்டு.

அங்கேதான் சிக்கல். அவர் தொடர்ந்து படித்திருந்தால் பதினேழு வயதில் கலியாணம் நடந்திராது. உம்மா இல்லை, நானும் இல்லை. அப்படியானால் பின்னோக்கிப் போனது யார்? பாட்டனாரின் கலியாணத்தைத் தடுத்தவன் எப்படிப் பிறப்பான் என்ற பழைய கேள்விதான் இது. 'தாத்தா முரண்பாடு' என்பார்கள். எங்கள் வீடுகளில் தாத்தா என்றால் மூத்த சகோதரி. "உங்களுக்குப் பொருத்தமான பேர்தான்" என்றாள் தங்கை.

உம்மும்மாவிடமும் சொன்னேன். "நீ இல்லாத படிப்பு எனக்கெதுக்கு மகள்" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனா அந்த ஆறாம் வகுப்புப் புத்தகத்த ஒருக்கா தொறந்து பாக்க ஆச இருந்திச்சி" என்றார்.

ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் செல்கிறது. திணிவுள்ள பொருளை அந்த வேகத்துக்குத் தள்ள முடிவில்லாத சக்தி வேண்டும் என்கிறது ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கை. கோட்டயத்துக்கு அருகே பிறந்து சென்னையில் படித்த ஈ.சி.ஜி. சுதர்சன், 1962இல் வேறு இருவரோடு சேர்ந்து ஒன்று கேட்டார்: தள்ளவே வேண்டாம், பிறக்கும்போதே ஒளியை முந்திய துணிக்கை இருந்தால்? அது சக்தியை இழக்க இழக்க வேகம் கூடும். ஒளி எங்களுக்குக் கூரை, அதற்குத் தரை. பின்னர் 'டேக்கியோன்' என்று பெயர் கிடைத்தது. துணிக்கை இன்னும் கிடைக்கவில்லை.

அது அனுப்பு முன்பே வந்து சேர்ந்ததாக, வேகமாகச் செல்லும் சிலருக்குத் தெரியுமே? அவர்களுக்கு வந்ததே அனுப்பியது என்று கொள்ளலாம் என்றார்கள். கடிதத்தில் அனுப்புநரையும் பெறுநரையும் இடம் மாற்றுவது போல. எனக்கென்னவோ இது நழுவும் பதிலாகவே படுகிறது.

முன்னோக்கிப் போகத் தடையில்லை. ஓர் எல்லைக்கு மேல் திணிவுள்ள விண்மீன் எரிந்து முடிந்தபின் தன் பாரத்தையே தாங்காது என்று, 1930இல் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் கணக்குப் போட்டார் சந்திரசேகர். அப்போது அவருக்கு வயது 19. அவ்வாறு நொறுங்கும் பெரிய விண்மீனே கருந்துளை. அதன் அருகில் காலம் மெதுவாக ஓடும். போதிய காலம் அங்கே இருந்து திரும்பினால், இரண்டு வயது இளைய தங்கை எனக்குத் தாத்தா ஆகியிருப்பாள். அவள் இப்போதே என் பையைக் கட்டித் தரத் தயார்.