அணைக்குத் தப்பிய காடு: சைலன்ட் வேலி

பவானி பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் வைக்கும் விவசாயிகளில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. நீலகிரியில் பிறக்கும் அந்த ஆறு, கேரளாவின் சைலன்ட் வேலி மலைப்பக்கமாக இறங்கி, முக்காலியில் கிழக்கே திரும்பி, அட்டப்பாடி வழியாக மறுபடியும் தமிழ்நாட்டுக்குள் வருகிறது.

அதே முக்காலியில்தான் சைலன்ட் வேலி தேசியப் பூங்காவின் நுழைவாயில். வனத்துறையிடம் அனுமதி வாங்கி, ஜீப்பில் 23 கிலோமீட்டர் மலைப்பாதை ஏறினால் சைரந்திரி. அங்குள்ள கோபுரத்தில் நின்று பார்த்தால் சுற்றிலும் மரத்தலைகள்தான். கீழே குந்திப்புழா ஓடுகிறது. இது பவானியில் சேராது. மேற்கே இறங்கி, தூதப்புழா வழியாகப் பாரதப்புழாவில் கலக்கிறது.

கோடையிலும் குந்திப்புழா வற்றுவதில்லை. அடுக்கடுக்கான இலைகள் மழையின் வேகத்தை உடைக்கின்றன. கீழே கிடக்கும் சருகு, நீரை வாங்கி மெல்ல மண்ணுக்குள் விடுகிறது. நிலத்தில் மூடாக்கு போடுகிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மின்சாரமா, காடா?

1970-களில் இந்த ஆற்றின் குறுக்கே அணை கட்டத் திட்டம் வந்தது. மின்சாரம் கிடைக்கும், பாலக்காடு, மலப்புரம் மாவட்டங்களில் பாசனம் பெருகும் என்றார்கள். அந்தத் தேவை பொய்யில்லை. ஆனால், சுமார் 8.3 சதுர கிலோமீட்டர் மழைக்காடு தண்ணீரில் மூழ்கியிருக்கும். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், கவிஞர் சுகதகுமாரி, பறவையியலாளர் சாலிம் அலி எனப் பலர் எதிர்த்தார்கள். கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. 1984-ல் 89.52 சதுர கிலோமீட்டர் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1985-ல் பிரதமர் ராஜீவ் காந்தி அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

மூழ்காமல் தப்பியது மரங்கள் மட்டுமல்ல. வெடிப்பலா மரத்தின் பூவையும் காயையும் தின்று வாழும் சிங்கவால் குரங்குக்கு இதுவே முக்கியமான புகலிடம். நாம் பயிரிடும் மிளகு, ஏலக்காய், நெல் ஆகியவற்றின் காட்டு உறவுகளும் இங்கே வளர்கின்றன. தோட்டத்து மிளகுக்கொடியை ஒரு நோய் தாக்கும்போது, அதைத் தாங்கும் குணத்தை விஞ்ஞானிகள் இப்படிப்பட்ட காட்டுச் செடிகளில்தான் தேடுகிறார்கள். காடு அழிந்தால் அந்த விதையும் போய்விடும். பிறகு எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

போகிறவர்கள் கவனத்துக்கு: கோவையிலிருந்து ஆனைகட்டி, அட்டப்பாடி வழியாகவும், பாலக்காட்டிலிருந்து மண்ணார்க்காடு வழியாகவும் முக்காலிக்குப் போகலாம். மழை, காட்டுத்தீ காலங்களில் அனுமதி நிறுத்தப்படுவது உண்டு; முன்கூட்டியே வனத்துறையிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் எடுத்துப் போக வேண்டாம். வழியில் எந்தச் செடியையும் விதையையும் பறித்து வரக்கூடாது.