என் கையைத் தடுத்த கை

ஒரு விடியற்காலை. பால்மரம் சீவப் புறப்படவிருந்த அம்மாவுக்குத் தேநீர் கலக்கச் சமையலறைக்குச் சென்றேன். அழுகிய முட்டையைப் போன்ற நாற்றம் வீசியது. விளக்கைப் போடக் கையை நீட்டினேன். “தொடாதே!” என்று அம்மா என் கையைப் பற்றினார். இருளிலேயே எரிவாயுத் தோம்பை மூடினார். கதவு, சன்னல்களைத் திறந்தார். எங்களை வெளியே அழைத்துச் சென்றார்.

சமையல் வாயுவுக்கு இயல்பாக மணமில்லை. கசிவை உணர்த்தவே நாற்றம் சேர்க்கப்படுகிறது. காற்றைவிடக் கனமானதாதலால் அது தரையோரம் தேங்கும். விளக்கின் விசையில் எழும் சிறு பொறியே அதனைப் பற்றவைக்கப் போதும்.

வீடு நன்கு காற்றாடிய பின், தோம்பை முற்றத்தில் வைத்துச் சவர்க்கார நீரைக் குழாயில் தடவினோம். வெடிப்பிலிருந்து குமிழிகள் எழுந்தன. அன்றே புதுக்குழாய் வாங்கினோம்.

இரவுதோறும் தோம்பை மூடுவது இன்று என் கடமை. மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டில் அது யார் கடமை?