மணற்குழியும் மெத்தையும்

யாழ்நகருக்குப் புகைவண்டியில் வந்திறங்குவோர் ஆஸ்பத்திரி வீதி வழியாக மேற்கு நோக்கி நடப்பாராயின், கடைத்தெருவின் ஆரவாரம் மெல்ல மெல்ல ஓய, உப்புக்காற்று முகத்திற் படும் ஒரு வெளியை அடைவர். பண்ணைக் கடலேரியும் ஒல்லாந்தர் திருத்திக் கட்டிய கோட்டையும் அங்கே அருகருகே உள்ளன. 1875ஆம் ஆண்டு வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுந்த மணிக்கூட்டுக் கோபுரமும் அங்கேதான். 1981இல் எரியுண்டு, பின்னர் மீண்டும் வெண்மாடமாய் எழுந்து நிற்கும் பொது நூலகமும் அங்கேதான். இவற்றுக்கு அயலிலேயே யாழ் மத்திய கல்லூரியின் மைதானம் பரந்து கிடக்கிறது.

இம்மைதானத்தைப் பலரும் அறிந்திருப்பது துடுப்பாட்டத்தினாலேயே. மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904ஆம் ஆண்டில் தொடங்கிய போட்டி, ‘வடக்கின் பெருஞ்சமர்’ என்ற பெயருடன் இன்றும் நடைபெறுகின்றது. அந்நாட்களில் பாண்டு வாத்தியமும் கொடிகளும் பழைய மாணவரின் கூக்குரலுமாக அவ்விடம் ஒரு திருவிழாக் களமாகிவிடும். ஆயினும், கடந்த விடுமுறையில் எம் கல்லூரி மாணவர் சிலரை நான் அங்கே அழைத்துச் சென்றது துடுப்பாட்டத்திற்காக அன்று. உயரம் பாய்ந்த ஒருவரைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே.

அவர் பெயர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். மத்திய கல்லூரியின் மாணவர். 18 வயது நிரம்புமுன்னரே, 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இலங்கையின் சார்பிற் கலந்துகொண்டவர். 1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்கிற்கும் சென்றார். 1958இல் தோக்கியோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து தங்கப் பதக்கம் வென்றார். ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்நாட்டிற்குக் கிடைத்த முதலாவது தங்கம் அதுவே.

இதனைக் கேட்டுக்கொண்டிருந்த மாணவருள் ஒருவன் கைத்தொலைபேசியை எடுத்து ஏதோ தேடிப் பார்த்தான். “சேர், இப்போது உலகச் சாதனை 2.45 மீற்றர். கியூபா வீரர் சொட்டோமயர் 1993இல் பாய்ந்திருக்கிறார். அதோடு பார்த்தால் 2.03 பெரிதா?” என்றான். கேள்வியில் ஏளனம் இல்லை. அறியும் ஆவலே இருந்தது. அதனால் அங்கிருந்த வேம்பின் நிழலில் அமர்ந்து, அதற்கு விடை காண முயன்றோம்.

அந்நாளில் உயரம் பாய்பவர் குறுக்குத்தடியைத் தாண்டியபின் வந்து விழுவது மணற்குழியில், அல்லது மரத்தூட் குவியலில். கழுத்தோ முதுகோ முதலில் நிலத்திற் படுமாயின் உயிருக்கே ஆபத்து. ஆகவே, தடிக்கு மேலே உடலை எவ்வாறு உருட்டினாலும், கீழே வரும்போது காலோ கையோ முந்திக்கொள்ளும்படி பாய வேண்டியிருந்தது. 1960களில் மென்மையான பஞ்சு மெத்தைகள் வந்தன. அதன்பின் டிக் பொஸ்பரி என்ற அமெரிக்க மாணவர், தடிக்கு முதுகைக் காட்டி, தலை முன்னே செல்லப் பாய்ந்து, முதுகினால் வந்து விழும் புதுமுறை ஒன்றைக் கையாண்டு, 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் 2.24 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். உடல் வில்லாக வளைந்து தடியைக் கடக்கும்போது, அதன் ஈர்ப்பு மையம் தடிக்குக் கீழாகவே செல்லவும் கூடும் என்பது பௌதிகம் பயில்வோர் அறிந்ததே. மணற்குழியை நம்பி எவரும் அவ்வாறு பாய்ந்திருக்க முடியாது.

சப்பாத்துக்கும் ஒரு கதை உண்டு. 1957இல் சோவியத் வீரர் ஸ்தெபானொவ் 2.16 மீற்றர் பாய்ந்து உலகச் சாதனை நிலைநாட்டியபோது, தடித்த அடிப்பாகமுள்ள சப்பாத்தை அணிந்திருந்தார். அதனால் எழுந்த சர்ச்சையின் பின், சப்பாத்தின் அடித்தடிப்புக்கு எல்லை வகுக்கப்பட்டது. ஆகவே எண்ணை மட்டும் எண்ணோடு ஒப்பிடுவது நீதியாகாது. எந்த நிலத்திலிருந்து எழுந்தார், எந்த நிலத்தில் வந்து விழுந்தார் என்பதையும் சேர்த்தே ஒரு பாய்ச்சலை அளக்க வேண்டும்.

இவ்விடத்திற் பெரியோர்க்கும் ஒரு வார்த்தை. “எங்கள் காலத்தில் மெத்தை ஏது? மணலில் விழுந்தே சாதித்தோம்” என்று பெருமை பேசுவது நமக்கு இனிக்கலாம். பழைமையை நினைத்தல் நன்று. ஆனால் அந்நாளின் வறுமையையே ஒரு சிறப்பாகக் கொண்டாடுதல் நன்றன்று. மணற்குழி எத்தனை பிள்ளைகளின் கணுக்காலை முறித்ததோ, எத்தனை பேரை அச்சத்தினாற் பின்வாங்கச் செய்ததோ! அவர்கள் பெயரை எந்தப் பதிவேடும் தாங்கி நிற்கவில்லை.

1958 என்ற ஆண்டைச் சொன்னதும், மாணவருள் மூத்தவன், “அது கலவரம் நடந்த ஆண்டல்லவா?” என்றான். ஆம். தோக்கியோப் போட்டிகள் மே 24இல் தொடங்கி ஜூன் 1இல் முடிந்தன. இடையில், மே 27இல், இந்நாட்டில் அவசரகால நிலை பிறப்பிக்கப்பட்டது. தென்னிலங்கையில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்துகொண்டிருந்தன. உடைமை இழந்த பல்லாயிரவர் முகாம்களில் ஒதுங்கினர். அவர்களிற் பலர் பின்னர் கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்திறங்கினர். அந்த நாட்களிலேதான், தமிழ் இளைஞர் ஒருவர் இலங்கையின் கொடியைத் தோக்கியோவில் உயர ஏற்றுவித்தார்.

இதனை எண்ணும்போது நெஞ்சில் இரண்டு உணர்ச்சிகள் ஒருங்கே எழுகின்றன. ஒன்று பெருமிதம்; மற்றது வேதனை. தேசபக்தி என்பது குடிமகன் நாட்டிற்குச் செலுத்தும் கடன் என்றே பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் கூறுகின்றன. நாடு குடிமகனுக்குச் செலுத்த வேண்டிய கடனும் ஒன்று உண்டன்றோ? பாய்வது வீரனின் கடன். அவன் வந்து விழும் இடத்தை அவனுக்குக் கேடில்லாதபடி அமைத்து வைப்பது நாட்டின் கடன். அந்த 1958இல் ஒருவர் தம் கடனைக் குறைவின்றிச் செய்தார். நாடு தன் கடனைச் செய்யத் தவறியது.

உயரம் பாய்தலின் வரலாறு நமக்குத் தரும் பாடமும் இதுவே. மனிதனின் கால்கள் ஒரு தலைமுறையில் மாறிவிடவில்லை. விழும் இடம் மெதுவானது, அச்சம் நீங்கியது, அதன்பின் தடி உயர்ந்தது. வீட்டிலும் வகுப்பறையிலும் இதுவே நியதி. விழுந்தால் ஏசுவார்கள், எள்ளி நகையாடுவார்கள் என்று அஞ்சும் பிள்ளை, தான் தாண்டக்கூடிய உயரத்தையும் தாண்டத் துணியாது. பெற்றோரும் ஆசிரியரும் தடியை உயர்த்துவதிற் காட்டும் ஊக்கத்தில் ஒரு பாதியையேனும் மெத்தை விரிப்பதிற் காட்டுவாராக.

யாழ்நகருக்கு வருவோர் நல்லூருக்குச் செல்கின்றனர், நூலகத்தைப் பார்க்கின்றனர், கோட்டை மதிலில் நின்று படம் பிடிக்கின்றனர். பிள்ளைகளோடு வருவோர் இம்மைதானத்தின் ஓரத்திலும் கால்மணி நேரம் நின்று செல்லலாம். அங்கே காண்பதற்குப் புழுதியும் புல்லும் ஓடியாடும் சிறுவருமே உண்டு. எனினும், எதிர்வீரசிங்கம் என்ற பெயரையும் 1958 என்ற ஆண்டையும் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்லுங்கள். ஒன்றை விட்டு மற்றதைச் சொன்னால், கதையில் ஒரு பாதியே அவர்களைச் சென்றடையும்.