ஒரே ஒரு சி.எல்... கம்பம் பள்ளத்தாக்கு!

ஐரோப்பாவில் சொகுசுக் கப்பலில் போகிறவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. காலையில் கப்பல் 'சிவிட்டாவெக்கியா' என்று வாயில் நுழையாத ஒரு துறைமுகத்தில் வந்து நிற்கும். "ரோம் நகரத்தைப் பார்த்துவிட்டு சாயங்காலத்துக்குள் வந்துவிடுங்கள்" என்பார்கள். ரோமோ அங்கிருந்து எழுபது கிலோமீட்டருக்கு மேல்! ரயிலைப் பிடித்து ஓடி, கொலோசியத்துக்கு அரை மணி, வாடிகனுக்கு முக்கால் மணி என்று பங்கு போட்டு, வாயில் பாதி ரொட்டியோடு திரும்ப ஓடி வர வேண்டும். லேட்டானால் கப்பல் காத்திருக்காது. கரையில் நின்று டாட்டா காட்டலாம்.

நமக்குக் கப்பல் கட்டுப்படியாகாது. ஆனால் கப்பல் மாதிரியே ஒரு ரயில் இருக்கிறது.

சென்னை சென்ட்ரலிலிருந்து போடிநாயக்கனூருக்கு வாரம் மூன்று நாள் போகும் எக்ஸ்பிரஸ் அது. 2023 ஜூன் 15-ல் தொடங்கியது. திங்கள், புதன், வெள்ளி இரவு பத்தரை வாக்கில் கிளம்பி, மறுநாள் காலை ஒன்பதரை வாக்கில் போடி. செவ்வாய், வியாழன் என்றால் அன்று இரவு எட்டரை வாக்கிலேயே திரும்பக் கிளம்பிவிடுகிறது. விடிந்தால் சென்னை, குளித்துவிட்டு நேரே ஆபீஸ். ஆக, ஒரே ஒரு கேஷுவல் லீவு! (வெள்ளிக்கிழமை போனால் ஞாயிறு இரவுதான் திரும்பும். அது சனிக்கிழமையும் லீவு உள்ள பாக்கியவான்களுக்கு. டைம்டேபிளை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.)

இந்த ரயிலுக்கே ஒரு சரித்திரம் இருக்கிறது. மதுரை - போடி மீட்டர் கேஜ் பாதை 1928-ல் வந்தது. அகலப்பாதை ஆக்குகிறோம் என்று 2010 கடைசியில் நிறுத்தினார்கள். தேனி வரை மறுபடி ரயில் வந்தது 2022 மே மாதம். போடிக்கு இன்னும் ஒரு வருஷம். நிறுத்தியபோது ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, பிளஸ் டூ எழுதிய பிறகுதான் தன் ஊரில் ரயிலைப் பார்த்தான்.

டிக்கெட் போடிக்கு எடுத்தாலும் இறங்க வேண்டியது தேனியில்தான். போடி வரை போய், பிறகு பஸ் ஏறினால் ஒரு மணி நேரம் வீண். இரவும் தேனியிலேயே ஏறிக்கொள்ளலாம். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடித்துப் புது பஸ் ஸ்டாண்ட். அதன் பெயரைப் படியுங்கள்: கர்னல் ஜான் பென்னிகுயிக் பேருந்து நிலையம். வெள்ளைக்காரன் பெயர் வைத்த தெருவையெல்லாம் தேடித் தேடி மாற்றிய நாட்டில், ஒரு வெள்ளைக்காரன் பெயரைப் புதிதாக வைத்திருக்கிறார்கள்! காரணம் தெரிய வேண்டுமானால் குமுளி பஸ்ஸில் ஏறுங்கள்.

கப்பல் பயணிகளின் முதல் விதி: தூரத்தில் இருப்பதை முதலில் பார், திரும்பும்போது கிட்டே வா. அந்தக் கணக்கில் முதலில் லோயர் கேம்ப். தேனியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள். கண்டக்டர் "வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர்" என்று ஒரே மூச்சில் ஒப்பிப்பார். மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை, நடுவே தட்டில் பரிமாறியது போல வயலும் வாழையும் தென்னையும் திராட்சைப் பந்தலும். ஜன்னல் சீட் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பதில் தப்பே இல்லை. நான் காத்திருந்தேன்.

பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு, "அணை எத்தனை அடி தம்பி?" என்றார். எனக்குப் புரியவில்லை. பின்சீட்டிலிருந்து பதில் வந்தது. முன்சீட்டுக்காரர் அதைத் திருத்தினார். நம் ஊரில் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பது போல இங்கே முல்லைப் பெரியாறு நீர்மட்டம்! தினசரிகளும் நாள் தவறாமல் போடுகின்றன.

லோயர் கேம்ப்பில் இறங்கினால் மலையிலிருந்து ராட்சதக் குழாய்கள் சரிந்து இறங்குவது தெரியும். கீழே பெரியாறு மின் நிலையம். அரபிக் கடலுக்குப் போக வேண்டிய தண்ணீரை, மலைக்கு அடியில் ஒரு மைலுக்கும் மேல் சுரங்கம் குடைந்து, கிழக்கே திருப்பி, நம் பக்கம் இறக்கியிருக்கிறார்கள். மழை மறைவுப் பக்கம் கிடந்த தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் ஐந்து மாவட்டங்களும் இந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கரில் இரண்டு போகம் நெல்.

பக்கத்திலேயே பென்னிகுயிக் மணிமண்டபம். 2013 ஜனவரி 15-ல் திறந்தது. மனிதர் 1841-ல் அதே ஜனவரி 15-ல் புனேயில் பிறந்தவர். மதராஸ் அரசின் என்ஜினீயர். 1886-ல் திருவிதாங்கூர் மகாராஜாவுடன் 999 வருஷக் குத்தகை ஒப்பந்தம். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஐந்து ரூபாய். 1887-ல் வேலை ஆரம்பம், 1895-ல் முடிவு. 176 அடி உயரம், 1,200 அடி நீளம். ரோட்டைக் காணாத காட்டில் யானையோடும் மலேரியாவோடும் மல்லுக்கட்டி எழுப்பியது. செத்துப்போன கூலித் தொழிலாளர்கள் ஏராளம். அவர்கள் பெயரில் பஸ் ஸ்டாண்ட் இல்லை என்பது எனக்கு ஒரு குறைதான்.

இன்னொரு விஷயம். அணையின் உள்பகுதி சிமென்ட் இல்லை. சுண்ணாம்பும் சுர்க்கியும், அதாவது செங்கல் தூளும். ரோமானியர்கள் சுண்ணாம்போடு எரிமலைச் சாம்பலைச் சேர்த்தார்கள். சில இடத்தில் இதே செங்கல் தூளை. மலையைக் குடைந்து தூரத்துத் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவருவதிலும் அவர்கள் கில்லாடிகள். ரோமில் அந்த மிச்சங்களைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வந்து படமெடுக்கிறார்கள். இங்கே அதே சமாச்சாரம் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. இதில் குளித்து, குடித்து, நாற்று நடுகிறார்கள்.

அணையை நேரில் பார்க்க முடியுமா என்று கேட்காதீர்கள். அது கேரளாவின் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. சாதாரண டூரிஸ்டுக்கு அனுமதியில்லை. தேக்கடியில் படகு விடுவது அந்த அணை தேக்கிய ஏரியில்தான். ஆனால் அதற்கு மலையேறிக் குமுளி தாண்டினால் பாதி நாள் காலி. என் ஓட்டு மணிமண்டபத்துக்கே.

அங்கே வாசலில் இருந்த டீக்கடைக்காரர், சாமி படத்துக்குப் பக்கத்தில் தொப்பியும் மீசையுமாகப் பென்னிகுயிக்கை மாட்டியிருந்தார். பொங்கலன்று அவர் பிறந்தநாளும் சேர்ந்து வருவதால் இந்தப் பக்கம் அவருக்கும் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தவர்களும் உண்டு. "பதினொண்ணுல நீங்க வந்திருக்கணும் அண்ணே" என்றார். 2011 டிசம்பரில் அணை உடையும் என்று அந்தப் பக்கம் பயம். தண்ணீர் போய்விடும் என்று இந்தப் பக்கம் பயம். கம்பம், கூடலூரிலிருந்து ஆயிரக்கணக்கில் ஜனங்கள் குமுளியை நோக்கி நடந்தார்கள். பஸ் நின்றது, கடை அடைத்தது. 1979-ல் 152 அடியிலிருந்து 136-க்குக் குறைத்த நீர்மட்டத்தை, 2014-ல் சுப்ரீம் கோர்ட் 142-க்கு அனுமதித்தது. புது அணை வேண்டும் என்று கேரளா இன்னும் கேட்கிறது. பஸ்ஸில் அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்குள் இத்தனையும் இருக்கிறது.

மதியம் கம்பம். பரோட்டாவைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? சாப்பிடுங்கள். பிறகு ஒரு ஆட்டோ பேசி சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டத்துக்குப் போங்கள். "சுருளி அருவியைப் பார்க்கலையா?" என்று ஆட்டோக்காரர் கெஞ்சுவார். அருவி எங்கேயும் அருவிதான். பன்னீர் திராட்சை இங்கேதான். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும். பந்தலுக்கடியில் குனிந்து போனால், தலைக்கு மேல் கறுப்புக் குலைகள். வெயில் பொட்டுப் பொட்டாக விழுகிறது. தோட்டக்காரரிடம் கேட்டு ஒரு பழத்தை வாயில் போட்டால் பன்னீர் வாசனை நிஜமாகவே வருகிறது. விலை கேட்டேன். சொன்னார். சென்னையில் நான் கொடுக்கிற விலையைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மூன்று மணிக்கு மேல் திரும்பும் வழி. உத்தமபாளையத்தில் கருப்பணசாமி கோயிலையொட்டிய பாறையில், ஆயிரம் வருஷத்துக்கு முந்திய சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசையாக இருக்கிறார்கள். பார்க்க ஆளில்லை, டிக்கெட் இல்லை, கைடு இல்லை. இதே சிற்பம் இத்தாலியில் இருந்தால் கியூவில் நிற்கவிட்டு இருபது யூரோ வாங்கியிருப்பான்.

சின்னமனூர் பூலாநந்தீசுவரர் கோயிலுக்கு நான்கு மணிக்கு மேல் போனால் நடை திறந்திருக்கும். வாழைத்தார் லாரிகளுக்கு நடுவே போகிற இந்த ஊருக்கு, தமிழ்ச் சரித்திரத்தில் பெரிய பெயர். இங்கே கிடைத்த பாண்டியர் செப்பேடுகள்தான், மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழாக்கியதையும் பாண்டியர் பெருமையாகப் பேசுகின்றன. செப்பேட்டை இங்கே தேடாதீர்கள், இருக்காது. கோயிலும், அந்தப் பக்கம் ஓடும் முல்லை ஆறும் இருக்கின்றன. காலையில் குழாயில் இறங்கிய அதே தண்ணீர். படித்துறையில் துவைக்கிற அக்காவிடம் இது எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "மேல அணையிலருந்துதான். என்ன சார், பேப்பரா நீங்க?" என்றார்.

அங்கிருந்து தேனி முக்கால் மணி. சித்திரையில் வீரபாண்டித் திருவிழா சமயமானால் கூட ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். பஸ் ஊர்ந்துதான் போகும். எட்டு மணிக்கு ஸ்டேஷனில் இருப்பது உத்தமம்.

திராட்சையை ஆபீசுக்கு வாங்குவதானால் ஒரு எச்சரிக்கை. பன்னீர் திராட்சைக்குத் தோல் மெலிசு. அட்டைப் பெட்டியில் வாங்கி, மேல் பெர்த்தில் தலைமாட்டில் வையுங்கள்.