கேட்காமல் விட்டது

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, திருப்பூரில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் ஈழத்துக்கென்று ஒரு தகர உண்டியல் வைத்தோம். சனிக்கிழமைச் சம்பளத்தில் கட்டிங் மாஸ்டரிலிருந்து பிசிறு வெட்டும் பெண்கள்வரை காசு போட்டார்கள். உண்டியலை ஏந்திச் சென்றவன் நான்.

1987 ஜூலை 29 ஒப்பந்தத்தையடுத்து அமைதி காக்கப் போன இந்தியப் படையில் என் பெரியப்பா மகனும் இருந்தார். அக்டோபரில் அப்படை புலிகளோடு போரில் இறங்கிற்று. யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் சுடப்பட்ட மாதம் அது. பிசிறு வெட்டிக்கொண்டிருந்த பெரியம்மா உண்டியலிலும் காசு போட்டாள். மகனுக்காக மாரியம்மனுக்கு மஞ்சள் துணியிலும் முடிந்து வைத்தாள். இரண்டும் அவளுக்கு முரணாகப் படவில்லை. எங்களுக்குத்தான் ஒன்று போதுமாயிருந்தது.

1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு திரும்பியபோது வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. அது தவறென்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் ஏறத்தாழ 1,200 பேரைப் பறிகொடுத்துத் திரும்பியவர்களிடம் பேச நம்மிடம் ஒரு சொல்கூட இருக்கவில்லை என்பதும் உண்மை.

விடுப்பில் வந்திருந்த அண்ணனை டீக்கடையில் ஒருவர் கேட்டார்: "ஏனப்பா, எத்தனை தமிழனைச் சுட்டே?" அண்ணன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். நான் வாய் திறக்கவில்லை.

அன்றிரவு அவராகவே ஒன்று சொன்னார். வடக்கத்தியர் நிறைந்த பிரிவில் தமிழ் தெரிந்தவர் என்பதால் சோதனைச் சாவடியில் நிறுத்தியிருந்தார்கள். ஒரு கிழவி, "என்ர பிள்ளையை விட்டிடு ராசா" என்று காலைப் பிடித்திருக்கிறாள். என்ன சொல்கிறாளென்று அதிகாரி கேட்டாராம். "ஒண்ணும் தெரியாதுங்கறான்னு இந்தியில சொல்லீட்டேன் தம்பி."

வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கரையும் ஊர் ஒதுக்கியதுண்டு. அவர்களில் பெரும்பாலோருக்கு அங்கே கேட்ட அழுகையின் மொழி புரிந்திருக்காது. அண்ணனுக்குப் புரிந்தது.

1991 மே 21க்குப் பிறகு கம்பெனியில் உண்டியலைக் காணோம். அதே டீக்கடையில் அண்ணனுக்கு பெஞ்சில் இடம் விட்டு, "நீங்க அன்னைக்கே முடிச்சிருக்கோணுமுங்க" என்றார்கள். அப்போதும் அவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

ஊர் ஏற்காத போரின் பாவம் முழுவதையும் போய்வந்தவன் தலையில் இறக்கிவிட்டால் ஊர் சுத்தமாகிவிடுவதாக ஒரு மயக்கம். அதற்குக் கொடுத்த விலை, கேட்கும் காது. அண்ணன் இப்போது இல்லை. அந்தக் கிழவியின் பிள்ளை என்ன ஆனான் என்று, அன்றிரவு நான்கூட அவரைக் கேட்கவில்லை.